ராவல்பிண்டித் தாய்மார்கள்

பிள்ளை பெற்ற பெண்ணின் மனச்சோர்வைப் பற்றி யார் பேசினாலும் எனக்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டி ஞாபகம்தான் வரும். அந்த மாவட்டத்துக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்த ஆய்வு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

சிபிடி என்கிற எண்ணம்-நடத்தை சார்ந்த சிகிச்சையை அங்கே கொடுத்தது மனநல மருத்துவர்கள் இல்லை. வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்கள். குறுகிய பயிற்சிதான். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி 16 சந்திப்புகள்.

"நான் என்ன செஞ்சாலும் இந்தப் பிள்ளை தேறாது, எல்லாம் விதி" என்று ஒரு தாய்க்குத் தோன்றுகிறது என்று வையுங்கள். அப்படித் தோன்றுவதை அவளே கவனிக்க வைப்பது முதல் வேலை. வேறு மாதிரி யோசிக்க முடியுமா என்று படங்களைக் காட்டிப் பேசுவது அடுத்தது. பிறகு, மறுமுறை வருவதற்குள் செய்து பார்க்க ஏதாவது ஒரு சின்னக் காரியம்.

இதில் என் மனதைத் தொட்டது ஒன்று உண்டு. "உனக்கு மனநோய்" என்று அவர்கள் ஆரம்பிக்கவே இல்லை. குழந்தை நல்லா வளரணும் என்றுதான் பேச்சே தொடங்கியது. அதற்கு எந்த மாமியார் மறுப்பு சொல்வார்?

குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. இந்தப் பேச்சு இல்லாமல் அதே எண்ணிக்கையில் வீட்டுச் சந்திப்புகள் மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பின்னர் இதையே கையேடாக வெளியிட்டது.

நம் கிராம சுகாதார செவிலியர் அக்காக்களுக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் அம்மா சோர்ந்து கிடந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.