ஷ்மால்ட்ஸி

சட்டில கோழித்தோல் உருகிட்டு இருக்கு, வெங்காயம் ஓரம் சிவந்து ஒரு வாசனை பாருங்க, பக்கத்து வீட்டு அக்காவே எட்டிப் பார்த்துட்டாங்க.

காரணம் காலைல ஒரு பாட்டு விமர்சனத்துல படிச்ச "ஷ்மால்ட்ஸி"ங்கற வார்த்தை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட யித்திஷ் மொழில ஷ்மால்ட்ஸ்னா உருக்கின கோழி, வாத்துக் கொழுப்பு. அவங்களுக்கு பன்னிக்கொழுப்பு ஆகாது, கறியோட வெண்ணெயும் சேர்க்கக்கூடாது, அதனால இப்படி உருக்கி வெச்சு ரொட்டில தடவிக்குவாங்க.

1930கள்ல அமெரிக்க இசைக்காரங்க உருகி உருகி வாசிக்கிற பாட்டையெல்லாம் "ஷ்மால்ட்ஸி"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அளவுக்கு மீறி உருகி கண்ணு கலங்க வைக்குமே, அந்த மாதிரி. பெரும்பாலும் குறையாத்தான் சொல்றாங்க.

எனக்கு அது குறையா தோணவே இல்ல.

நாமளும் "என்னமா உருகிப் பாடுறாங்க"ன்னுதானே சொல்றோம், அதுவும் ஆசையா.

மஞ்சளா, பளபளன்னு கிண்ணத்துல வடிச்சு வெச்சிருக்கேன். அக்காவுக்கும் கொஞ்சம் கொடுக்கணும்.