நெல்லிமுள்ளி: மூன்றாம் தடவை சரிவந்தது

காயவைத்த நெல்லிக்காயின் ஒரு பல்லை, அதாவது ஒரு சுளையை, எடுத்து ஒடித்தேன். டக்கென்று முறிந்தது. உள்ளே ஈரமில்லை, கறுப்பில்லை, நல்ல பழுப்பு. இரண்டு தடவை வீணாய்ப் போன நெல்லிமுள்ளி இந்த மாசியில்தான் கைக்கு வந்திருக்கிறது. 3 கிலோ காய்க்கு 450 கிராம்.

முதல் தடவை இரும்புக் கத்தியால் வெட்டி இரும்புத் தாச்சியில் போட்டு வைத்தேன். விடிய எல்லாம் கறுத்துக் கிடந்தது. நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுத்து மை செய்ததும் இப்படித்தானே. இப்போது எவர்சில்வர் கத்தி, மண்சட்டி. அவித்தால் பல்லுப் பல்லாய்த் தானே கழன்றுவிடும், வேலை பாதி குறையும். ஆனால் விற்றமின் சி சூட்டில் அழியும், தண்ணீரிலும் கரைந்து போகும். அதனால் பச்சையாகவே கோட்டோடு கோடாய் விதை வரை கீறி, நெம்பி எடுத்தேன். விரல் நோகத்தான் செய்யும், பரவாயில்லை.

காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாம் தடவை தை மாதம். முதல் நாளே உச்சி வெயிலில் போட்டேன், இரவும் முற்றத்தில் விட்டுவிட்டேன். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டு, நாலாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம். அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன். இந்த முறை முதல் இரண்டு நாள் விறாந்தையில், காற்றோட்டமான நிழலில் ஓலைப்பாய். பல் வதங்கிச் சுருங்கிய பிறகே வெயில், அதுவும் மெல்லிய வேட்டித் துணியால் மூடி. பின்னேரம் நாலு மணிக்குச் சுளகில் அள்ளி உள்ளே. காலையில் பனி காய்ந்து, ஒன்பது மணிக்குப் பிறகு வெளியே. மொத்தம் எட்டு நாள்.

காய் நெடுங்கேணிப் பக்கம் றோட்டோரம் விற்கும் அம்மாவிடம் வாங்கியது. காட்டு நெல்லி, சின்னன், நார் கூட, துவர்ப்பும் கூட. வவுனியாச் சந்தையின் பெரிய காயில் சதை அதிகம், ஆனால் தண்ணிச்சுவை. எனக்குக் காட்டுக்காய்தான்.

இடித்து அரித்த தூள் அரைத் தேக்கரண்டி, இளஞ்சூட்டு நீரில், கொஞ்சம் தேன். கொதிநீர் வேண்டாம். அக்கா கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறாள். இரும்பை உடல் உறிஞ்ச விற்றமின் சி உதவும். காய்ந்த தூளில் அது குறைந்திருக்கும் என்பதால் அவளுக்குச் சோற்றோடு பச்சை நெல்லிச் சம்பல்தான் அரைத்துக் கொடுக்கிறேன். தேத்தண்ணி இரும்பைத் தடுக்கும், அதைச் சாப்பாட்டோடு நிறுத்தியாயிற்று. நீரிழிவுக் குளிசை போடும் மாமாவும் தூள் கேட்டார். நெல்லியும் சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடும், டொக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கோ, எடுத்து வைக்கிறேன் என்றேன்.

அடுத்தது திரிபலை, நெல்லிமுள்ளியோடு கடுக்காயும் தான்றிக்காயும் சேர்ந்த தூள். கடுக்காய் இருக்கிறது. தான்றிக்காய் நாட்டுமருந்துக் கடையில் வாங்கினேன், பாதியில் பூச்சி ஓட்டை. ஒட்டுசுட்டான் பக்கக் காட்டில் தான்றி மரம் தெரிந்த ஒருவர், விழும்போது பொறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மிச்ச நெல்லியையும் இடித்துப் போத்தலில் அடைக்க வேண்டும், இன்னும் கால் கிலோ சுளகிலேயே கிடக்கிறது.