முந்திய அடி

“நாட்டார் பாட்டுத்தானே சேர், ரெண்டு நாள் காணும்” என்றார் என்னோடு படிப்பிக்கும் ஒருவர். தமிழ்த்தினப் போட்டிக்குக் கும்மி பழக்கச் சொல்லி 12 பிள்ளைகளை என்னிடம் விட்டிருந்தார்கள். கீர்த்தனை பழக்க மாதக் கணக்கில் நேரம் கேட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கும்மிக்கு அந்த மரியாதை கிடையாது. மனம் நொந்துபோனேன்.

நான் உடுக்கு பழகியது இதே திருகோணமலையில், பெரியப்பாவிடம். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டுத் திண்ணையில் இருப்பார். முதல் 3 மாதம் பாட்டே இல்லை. இடது கை உடுக்கின் இடுப்பைப் பிடிக்க வேண்டும். கயிற்றை இறுக்கினால் நாதம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். வலது கை விரல்கள் ஒரே அடியை ஒரே கனத்தில் போட வேண்டும். அவ்வளவுதான் பாடம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். தணலில் காட்டிக் காட்டி, காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி வரும்வரை உடுக்கு என் கைக்கு வராது.

எங்கள் ஊரில் நவராத்திரி என்றால் கும்பம். கும்பத்தைத் தலையில் ஏந்தி, உடுக்கும் பாட்டுமாக இரவில் வீதிவலம் வருவார்கள். ஒரு வருடம் பள்ளிக்கூட வேலையைச் சாட்டி, பழகாமலே போய் நின்றேன். சாமம் தாண்டியதும் விரல் களைத்தது. என்னை அறியாமல் அடி முந்தத் தொடங்கியது. பாடியவர்கள் எப்படியோ இழுபட்டு வந்தார்கள். கும்பம் எடுத்தவரின் காலுக்கு அது முடியவில்லை, ஓர் எட்டுத் தடுமாறியது. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தெருவோரம் நிறைகுடம் வைத்து நின்ற ஆச்சி நேரே என் கையைத்தான் பார்த்தா. அவ தாளக்கணக்குப் படித்தவ இல்லை, ஆனால் பிறந்த நாள்முதல் அந்த அடியைக் கேட்டு வளர்ந்தவ. கச்சேரி மேடையில் ஒரு பிசகு பாதிச் சபைக்குத் தெரியாமலே போய்விடும். எங்கள் தெருவில் அது நடக்காது.

பெரியப்பா ஏசவில்லை. உடுக்கை வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்தார். மிச்ச இரவுகளில் நான் பின்னால் நின்று பாடினேன்.

ஆகவே பள்ளிக்கூட அதிபரிடம் போய் 2 மாதம் கேட்டு வாங்கினேன். முதல் 2 கிழமையும் கைதட்டு மட்டுமே. 12 சோடிக் கையும் ஒரே கையாகக் கேட்க வேண்டும், குனிந்து நிமிரும்போதும் சத்தம் மெலியக்கூடாது. பார்க்க வந்த தாய் ஒருவர், தன் அம்மம்மா பாடிய மெட்டில் இருந்த ஒரு வளைவை நாங்கள் விட்டுவிட்டதாகச் சொல்லி, தானே பாடிக் காட்டினார். அவர் சொன்னது சரி. அன்றே திருத்தினோம்.

போன வியாழக்கிழமை பயிற்சி முடிந்து மணியும் அடித்துவிட்டது. ஆகக் கடைசியில் நிற்கும் சின்னவள் பையைத் தோளில் கொழுவியபடி வந்தாள். “சேர், திரும்புற இடத்தில நான் கொஞ்சம் முந்திட்டன். இன்னொருக்காப் போடுவமா?”

மற்றப் பிள்ளைகளும் பைகளைக் கீழே வைத்தார்கள்.