டிஎஸ்டியில் வந்த மீன் பிஈஎஸ் ஆன கதை

மூன்று வாரமாக ஓர் எம்பிராய்டரி மீனோடு கிடந்தேன். நேற்று இரவு சரியாகத் தைபட்டது. மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

மருதமுனைக் கைத்தறித் துணியில் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் எங்கள் வாவி மீனைப் போடவேண்டும் என்று நெடுநாள் ஆசை. கல்முனையில் எம்பிராய்டரிக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், தன்னிடம் இருந்த மீன் டிசைனைப் பென்டிரைவில் போட்டுத் தந்தார். அவருடைய கடையில் இருப்பது பல தலை உள்ள பெரிய மெசின். கல்லடியில் என் வீட்டில் இருப்பது 100க்கு 100 மி.மீ. ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) போடும் சின்ன பிரதர் மெசின். அவர் தந்தது டிஎஸ்டி ஃபைல். தஜிமா என்ற எம்பிராய்டரி மெசின்களுக்காக வந்த ஃபைல் வடிவம் அது, இப்போது அநேகமாக எல்லாக் கடைகளிலும் புழங்குகிறது.

பென்டிரைவைச் செருகினேன். திரையில் டிசைன் வரவே இல்லை. வடிவம்தான் பிரச்சினை என்று நினைத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இங்க்ஸ்டிச் என்ற எம்பிராய்டரி இணைப்பைப் போட்டு, பிரதர் மெசின்களின் வடிவமான பிஈஎஸ் ஆக மாற்றினேன். இரண்டும் இலவசம், மாற்றுவதும் ஒரு நிமிட வேலை. அப்போதும் வரவில்லை.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று டிஎஸ்டியைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தேன். முதல் 512 பைட் தலைப்புப் பகுதி, வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். டிசைனின் பெயர், தையல்களின் எண்ணிக்கை 6842, நிறமாற்றம் 3. அதற்குக் கீழே வலப்பக்கம் 560, இடப்பக்கம் 560, மேலே 410, கீழே 410. ஓர் அலகு 0.1 மி.மீ. அப்படியென்றால் அகலம் 112 மி.மீ. என் ஹூப்போ 100. ஹூப்புக்குள் அடங்காத டிசைனை மெசின் காட்டாது. இரண்டு நாளாக நான் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தேன், கோளாறு அளவில் இருந்தது.

தலைப்புக்குப் பிறகு வருவதெல்லாம் ஊசியின் நகர்வுகள், ஒரு தையலுக்கு மூன்று பைட். அவற்றை வாசிக்கக் கற்றபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களைக் கூட்டியும் கழித்தும்தான் ஒவ்வொரு நகர்வும் எழுதப்படுகிறது. தராசில் இரண்டு தட்டிலும் படிக்கல் வைத்து நிறுப்பதுபோல. ஊசி 2.5 மி.மீ. வலப்பக்கம் போகவேண்டுமென்றால் 25 அலகு: 27ஐ ஒரு தட்டில் வைத்து, 3ஐ மறு தட்டில் வைத்து, 1ஐ முதல் தட்டில் சேர்த்தால் 25. ஐந்தையும் கூட்டினால் 121. அதனால்தான் டிஎஸ்டியில் ஒரே நகர்வில் 12.1 மி.மீ.க்கு மேல் போக முடியாது. அதைவிடத் தூரம் என்றால் பல ஜம்ப்பாக, அதாவது தைக்காமல் தாண்டும் நகர்வுகளாக, உடைத்து எழுதப்படும்.

மீன், செதில், வால் என்ற சொல்லே அந்த ஃபைலுக்குள் இல்லை. ஊசி எங்கே போகவேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் அடுத்த பிழையைச் செய்தேன். டிசைனை அப்படியே 96 மி.மீ.க்குச் சுருக்கினேன். 6842 தையலும் அப்படியே இருந்தன, இடம் மட்டும் குறைந்துவிட்டது. வரிசைகளுக்கு நடுவே 0.4 மி.மீ. இருந்த இடைவெளி 0.34 ஆனது. கைத்தறித் துணியில் வயிற்றுப் பகுதி தகடுபோல விறைத்தது. வால் அடியில், ஏற்கெனவே நெருக்கமாக இருந்த சாட்டின் தையலில், ஊசி டக்கென்று முறிந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால் பொபின் நூல் (அடிநூல்) பந்தாகச் சுருண்டு கிடந்தது.

நானாவுக்கு எடுத்துக் கதைத்தேன். "தங்கச்சி, டிஎஸ்டியச் சுருக்காதீங்க. எனக்கிட்ட மூல ஃபைல் இருக்கு, அதுல சுருக்கித் தாரன்" என்றார். மூல ஃபைல் என்று அவர் சொன்னது வில்கொம் மென்பொருளின் ஈஎம்பி. அதில் செதில் ஒரு செதிலாகவும் வால் ஒரு வாலாகவும் இருக்கிறது. அளவை மாற்றினால் தையல்களை அது புதிதாகக் கணக்குப் போட்டு நிரப்பும். மறுநாள் வந்த டிஎஸ்டியைத் திறந்தவுடன் தலைப்பைத்தான் பார்த்தேன்: 5290 தையல், அகலம் 96 மி.மீ. இனி யாரிடம் டிசைன் வாங்கினாலும், அளவு மாற்ற வேண்டியிருந்தால் மூல ஃபைலிலேயே மாற்றித் தரச்சொல்லிக் கேட்பேன்.

அப்புறம் நிறம். டிஎஸ்டிக்கு நிறமே தெரியாது. "இந்த இடத்தில் நில், நூலை மாற்று" என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு ஒரு நிறத்தைப் போட்டுக் காட்டும். என் திரையில் மீன் பச்சை, கண் மஞ்சள். பிஈஎஸ் அப்படி இல்லை. அதற்குள் பிஈசி என்றொரு பகுதி உண்டு. 64 நூல் நிறங்களின் நிரந்தரப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எண்ணை அது வைத்திருக்கும். 48க்கு 38 புள்ளியில் ஒரு குட்டிப் படமும் உள்ளேயே இருக்கும். ஆனால் டிஎஸ்டியிலிருந்து மாற்றும்போது இல்லாத நிறம் தானாக வந்துவிடாது. மூன்று நிறமாற்றம் பிரிக்கும் நான்கு பகுதிக்கும் இங்க்ஸ்டிச்சில் நானே நிறம் கொடுத்து, பிறகுதான் பிஈஎஸ் ஆகச் சேமித்தேன்: உடலுக்கு நீலம், செதிலுக்கு வெள்ளி, வாலுக்குக் கடும் நீலம், கண்ணுக்குக் கறுப்பு.

நேற்று இரவு எட்டு மணிக்கு ஹூப்பை மாட்டினேன். கைத்தறி நெசவு கொஞ்சம் தளர்வானது என்பதால் அடியில் தடித்த பேப்பர் இரண்டு மடிப்பு. நூல் மாற்றும் நேரத்தோடு அரை மணித்தியாலம் எடுத்தது. ஜம்ப் நூல்களைக் கையால்தான் கத்தரித்தேன். துணி சுருங்கவில்லை, விரலால் தடவினால் மெத்தென்று இருக்கிறது.

அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சாளிடம் ஜனோமி மெசின். அவளுக்கு இதே மீன் ஜேஈஎஃப் ஆக வேண்டுமாம். அந்த வடிவமும் நிறத்தை வைத்திருக்கும், ஹூப் அளவையும் குறித்துவைக்கும். அவளிடம் முதலில் ஹூப் எத்தனை மி.மீ. என்று கேட்டிருக்கிறேன். இன்னும் அளந்து சொல்லவில்லை.