34-க்கு 23: மகனின் நார்த் ஸ்டார் பரிசோதனை

மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று ஜீன் டெஸ்டில் உறுதியானதும், ஸ்டீராய்டு மருந்து ஆரம்பிக்கும் முன் அவன் இப்போது என்னென்ன செய்கிறான் என்று அளந்து வைத்துவிடலாம் என்றார் மருத்துவர். அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் கைகாலை அழுத்திப் பார்த்து, தசை பலம் ஐந்துக்கு நாலு என்று '4/5' எழுதிக்கொடுப்பதுதான். அந்த முறையில் 4 என்பதற்குள் எதுவும் அடங்கும். போன வருடமும் 4, இந்த வருடமும் 4. ஆனால் வீட்டுப் படியேற இப்போது கைப்பிடி வேண்டியிருக்கிறதே!

இந்தப் பரிசோதனைக்கு நார்த் ஸ்டார் என்று பெயர். நடக்கிற டுஷேன் பிள்ளைகளுக்காகவே பிரிட்டனில் உருவாக்கியது. நிற்பது, நாற்காலியிலிருந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதிப்பது, 10 மீட்டர் ஓடுவது என 17 செயல்கள். இயல்பாகச் செய்தால் 2, ஏதோ ஒரு வழி பண்ணித் தானே செய்துவிட்டால் 1, முடியாவிட்டால் 0. முழு மதிப்பெண் 34.

அந்த 1-தான் இதில் விஷயமே. நம் பிள்ளைகள் பலவீனத்தை மறைக்கிற சாமர்த்தியத்தை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள். "மல்லாக்கப் படுத்துக்கோ தம்பி, நான் சொன்னதும் சீக்கிரமா எழுந்திரு" என்று ஸ்டாப்வாட்சை அமுக்கினார் பிசியோதெரபிஸ்ட். அவன் குப்புறத் திரும்பினான். கையைத் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி, காலை அகட்டி, ஒரு கையை முழங்காலில் வைத்து, தன் தொடையையே பிடித்து ஏறி நிமிர்ந்தான். தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் பக்கத்தில் கடிகாரம் ஓடும்போது வேறு மாதிரி இருந்தது. இதற்கு 1. எடுத்த நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொண்டார். மதிப்பெண் மாறாவிட்டாலும் இந்த விநாடிகள் கூடிக்கொண்டே போவதைக் கவனிக்க வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, படுத்தபடி தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவனால் நேராகத் தூக்க முடியவில்லை, பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினான். டுஷேனில் கழுத்தின் முன்பக்கத் தசைகள் சீக்கிரமே தளர்ந்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் பாயிலிருந்து எப்போதும் ஒருக்களித்தே எழுவானே, சோம்பல் என்றுதான் வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம்.

அப்புறம் ஆறு நிமிட நடை. இது அந்த 17-இல் சேராத தனிப் பரிசோதனை. 25 மீட்டர் தூரத்தில் இரண்டு கோன் வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். விழுந்தால் தூக்க ஒருவர் பின்னாலேயே வருவார். "சூப்பர், போ போ" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். மற்ற செயல்களில் செய்து காட்டுவார்களே தவிர, தொட்டு உதவ மாட்டார்கள். "அம்மா, நீங்களும் கை கொடுக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பரீட்சை மாதிரி வீட்டில் பயிற்சி கொடுத்து அழைத்துப்போகிற பெற்றோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். களைத்துப்போய் வந்தால் அளவே தப்பாகிவிடும். தளர்வான அரைக்கால் சட்டை போட்டு, சாப்பிட வைத்து, தூக்கம் கெடாமல் கூட்டிப்போனால் போதும்.

நார்த் ஸ்டாரில் மொத்தம் 23. ஆறு மாதம் கழித்து 25 வந்தபோது வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். டுஷேன் பிள்ளைகளுக்குச் சுமார் 6, 7 வயது வரை வளர்ச்சியினாலேயே மதிப்பெண் கூடுவது உண்டு, அதன் பிறகுதான் இறங்கும் என்று மருத்துவர் நிதானமாக விளக்கினார். சரி, கூடியதெல்லாம் மருந்தின் வேலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. நடை நின்றுபோனாலும் அளப்பது நிற்காது என்றார். அப்போது கைகளுக்கான வேறு பரிசோதனை இருக்கிறது: காகிதம் கிழிப்பது, டப்பா திறப்பது, நாணயம் எடுப்பது. அதைக் கேட்க எனக்கு அன்று தெம்பில்லை.

மருத்துவமனை ரிப்போர்ட்டில் மொத்த எண்ணை மட்டுமே எழுதித் தந்தார்கள். ஒரே 23 வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு வேறு வேறு இடத்தில் சிக்கல் இருக்கலாம். அதனால் 17 செயல்களுக்கும் தனித்தனியாகப் போட்ட தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். குதிகாலில் நிற்பதற்கு 0 போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் பிசியோ கணுக்காலை நீட்டும் பயிற்சியையும், இரவில் காலில் மாட்டும் ஸ்பிளிண்ட்டையும் (தாங்கு பட்டை) ஆரம்பித்தார்.