கேப்டன் போன பிறகு: கடலூர் நாட்குறிப்பு

28 டிசம்பர் 2023, வியாழன்

விஜயகாந்த் இன்று காலை சென்னையில் இறந்துவிட்டார். 71 வயது. மஞ்சக்குப்பத்தில் மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் வந்துவிட்டன.

எனக்கு அவர் படங்கள் மேல் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. சுவரில் கால் வைத்து எகிறி உதைக்கிற சண்டை, புள்ளிவிவரம் அடுக்குகிற வசனம், தீவிரவாதியைப் பிடிக்கிற கதை. இவ்வளவுதான் விஜயகாந்த் என்று மனதில் ஓர் இடம் கொடுத்து வைத்திருந்தேன். அரசியலில் அவர் மேல் கோபமே உண்டு. ஆனால் கடைசிச் சில வருடங்களில் அவரை வைத்து வந்த மீம்ஸ் எதையும் என்னால் ரசிக்க முடிந்ததில்லை. பேச்சு குழறியது நோயால். நோயாளி ஒருவரின் நாக்கையும் நடையையும் வெட்டி ஒட்டிச் சிரித்தார்கள். அதே போனில் இன்று அவர் படமும் கண்ணீர் பொம்மையும். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

29 டிசம்பர், வெள்ளி

நாள் முழுக்க டிவி. கோயம்பேட்டில் அவருடைய தேமுதிக கட்சி அலுவலகத்தில் கூட்டம் தாங்காமல் உடலைத் தீவுத்திடலுக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் திரும்பவும் கோயம்பேடு, அரசு மரியாதையோடு அடக்கம். 2001 ஜூலையில் சிவாஜி இறந்தபோது அந்தப் பெரும் கூட்டத்தை நெறிப்படுத்திக்கொண்டு நின்றவர் விஜயகாந்த். அதைத் திரையுலகத்தார் இன்று பலமுறை சொன்னார்கள்.

மைக் பிடிக்கிற எல்லாரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தி.நகர் அலுவலகத்துக்கு யார் போனாலும் இலை போட்டது, ஷூட்டிங்கில் தான் சாப்பிடுவதையே லைட்மேன் வரைக்கும் போடச் சொன்னது. கேட்கக் கேட்க எனக்கு வேறொன்று தோன்றியது. எல்லாரும் இதை வள்ளல் குணம் என்கிறார்கள். சரி, குணம்தான். ஆனால் ஒரு யூனிட்டில் நாளைக்கு நூறு, இருநூறு பேருக்கு ஒரே சாப்பாடு என்றால் அது தயாரிப்புச் செலவு. நாயகனுக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்று காலங்காலமாக நடந்துவந்த வழக்கத்தை ஒருவர் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். இரக்கம் மட்டும் இருந்தால் அது ஒரு நாள் விருந்தோடு நின்றிருக்கும்.

31 டிசம்பர், ஞாயிறு

வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போனேன், அத்தையைப் பார்க்க. பேச்சு அங்கேயும் அவர்தான். 2006-இல் அத்தை ஓட்டு விஜயகாந்துக்கு.

"ஏன் அத்தை போட்டீங்க?" என்றேன்.

"ரெண்டு கட்சிக்கும் மாறி மாறிப் போட்டாச்சுடா. புதுசா ஒருத்தர் நம்ம ஊரைத் தேடி வந்து நிக்கிறாரு. வாங்கன்னு சொல்லி உக்கார வைக்க வேணாமா?"

2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கினார். அடுத்த மே மாதமே தேர்தல். மாநிலம் முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு, ஜெயித்ததோ அவர் ஒருவர்தான், அதுவும் பாமக வலுவாக இருந்த விருத்தாசலத்தில். மதுரைக்காரர் வந்து இங்கே ஜெயித்ததை இன்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2011-இல் 29 எம்எல்ஏக்கள், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. 2016-இல் உளுந்தூர்பேட்டையில் மூன்றாம் இடம், சட்டமன்றத்தில் கட்சிக்கு ஒரு சீட் கூட இல்லை. பத்தே வருடம். உடம்பு ஒத்துழைக்காமல் போனது தெரியும். ஆனாலும் மாற்று வேண்டும் என்று நம்பி ஓட்டுப் போட்ட அத்தனை பேருடைய நம்பிக்கையும் கூட்டணிப் பேரத்தில் கரைந்தது. ஆள் இறந்துவிட்டார் என்பதற்காக இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். அத்தையிடமும் சொன்னேன். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்டா. இன்னிக்கு ஏன் சொல்ற?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

7 ஜனவரி 2024, ஞாயிறு

திருப்பாதிரிப்புலியூரில் ஆபரேட்டர் அண்ணனைப் பார்த்தேன். இந்தப் பக்கத்து டூரிங் கொட்டகைகளில் படம் ஓட்டியவர். 1984-ஐப் பற்றிக் கேட்டேன். அந்த ஒரு வருடத்தில் மட்டும் விஜயகாந்துக்குப் பதினெட்டுப் படம் வந்தது. "அந்த வருஷம் எந்தப் பொட்டியைத் தொறந்தாலும் அவருதான் தம்பி," என்றார். பெரிய நடிகர்களின் படம் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வர மாதக்கணக்காகும். பி, சி சென்டர், அதாவது சின்ன ஊர், கிராமத்துக் கொட்டகைகள், பிழைத்ததே விஜயகாந்த் மாதிரி ஆட்களால்தான் என்பது அண்ணன் வாதம். இவர் படத்துக்கு டிக்கெட் கிழிகிற கொட்டகையில் முறுக்குக்காரர், சைக்கிள் ஸ்டாண்ட்காரர் உட்பட எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அடுக்கினார்.

எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-இல் வந்த 'ஊமை விழிகள்'. திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையன்கள் எடுத்த படம். ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம். கல்லூரியில் படித்தவனுக்குத் தொழில் தெரியாது என்று கோடம்பாக்கம் ஒதுக்கிவைத்திருந்த காலம். மார்க்கெட்டில் இருந்த ஒரு ஹீரோ அவர்களை நம்பி தேதி கொடுத்தார். அதுவும் ஜெய்சங்கர், சந்திரசேகர், அருண் பாண்டியன் என்று பலரும் தோள் கொடுக்கிற கதையில். நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். இருட்டுக் காட்சிகளில் இன்றும் பயம் இருக்கிறது. விஜயகாந்த் கத்தவே இல்லை. முடி நரைத்த அதிகாரியாக, நிதானமாக, மற்றவர்களுக்கு இடம் விட்டு நடிக்கிறார். நான் அவருக்குக் கொடுத்து வைத்திருந்த இடத்துக்குள் இந்த நடிப்பு அடங்கவில்லை.

அந்தப் படம் ஓடிய பிறகுதான் திரைப்படக் கல்லூரிப் பையன்களுக்குக் கதவு அகலமாகத் திறந்தது. அவருடைய நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' 1991-இல் வந்து பட்டப்பெயரைக் கொடுத்தது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் தொழிலுக்குச் செய்ததில் பெரியது 1986-தான் என்பேன்.

26 ஜனவரி, வெள்ளி

பத்மபூஷண் அறிவித்திருக்கிறார்கள். கலைப் பிரிவில். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

விருதுச் செய்திகளிலும் சாப்பாடுதான் முன்னால் நிற்கிறது. நடிகர் சங்கம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அவர் தலைவராக வந்தபோது சங்கம் கடனில் மூழ்கிக் கிடந்தது. 2002-இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்தி அந்தக் கடனை அடைத்தார். ரஜினி, கமல் உட்பட இத்தனை நட்சத்திரங்களை ஒரே பயணத்துக்குச் சம்மதிக்க வைப்பது லேசான வேலையா? யாருக்கு எந்த அறை, யார் மேடையில் முதலில், எவர் மனம் எதில் கோணும் என்று எல்லாவற்றையும் ஒரு தலைவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். சிவாஜியின் இறுதி ஊர்வலத்தில் பார்த்ததும், ஷூட்டிங் சாப்பாட்டில் பார்த்ததும் இதே ஆள்தான். ஆட்களைச் சேர்த்துக் காரியம் முடிக்கத் தெரிந்தவர். அரசியலில் அந்தத் திறமை ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது. அத்தையிடம் போனில் கேட்டால், "அங்க எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிட ஒத்துக்குவாங்களாடா?" என்கிறாள்.

தி.நகர் ஹபிபுல்லா சாலையில் சங்கத்தின் புதுக் கட்டடம் இன்னும் முடியவில்லை. முடிகிறபோது ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்க வேண்டும். வாசலில் சிலையோடு நிறுத்திவிடாமல், 2002-இல் கடன் அடைத்த கதையையும் உள்ளே வருகிறவர்கள் படிக்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும். நலிந்த நாடக நடிகர்கள் பென்ஷனுக்கு வந்து நிற்கப்போவதும் அதே கட்டடத்தில்தான்.