பன்றி வேட்டைக்குத் தெர்மல் ஸ்கோப்

டெக்சாஸில் இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குத் தெர்மல் ஸ்கோப் (சூட்டை வைத்து இருட்டிலும் படம் காட்டும், துப்பாக்கியில் பொருத்தும் குறிநோக்கி) வாங்கப்போகும் நண்பர்களே, விளம்பரத்தில் போடும் 'கண்டறியும் தூரத்தை' வைத்து முடிவெடுக்காதீர்கள். சூடாக ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரியும் தூரம் அது, அவ்வளவுதான். அது பன்றியா, பண்ணைக்காரரின் கன்றுக்குட்டியா என்று பிரித்தறியும் தூரம் அதைவிட மிகக் குறைவு. சுடுவதற்கு அதுதான் கணக்கு.

காசைச் சென்சாரில் போடுங்கள். 384×288-ஐவிட 640×480 சென்சாரில் ஏறக்குறைய மூன்று மடங்கு புள்ளிகள். டிஜிட்டல் ஜூம் இருக்கும் புள்ளிகளைப் பெரிதாக்குமே தவிர, புதிதாக எதையும் காட்டாது. பனிமூட்டத்தில் படம் இன்னும் மங்கும்.

அப்புறம், தேடிப் பார்க்கக் கையடக்கத் தெர்மல் ஒன்று தனியாக வேண்டும். ஸ்கோப்பால் தேடினால் துப்பாக்கி முனையும் கூடவே சுற்றும். குழுவாகப் போகும்போது இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.